தண்ணி சுத்தமாச்சு, சரி... எடுத்த விஷம் எங்கே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேதியியல் மாணவன் இல்லை. பி.காம். மூன்றாம் ஆண்டு. ஆர்சனிக்கின் அணு எண் என்ன என்று கேட்டால் பக்கத்து பெஞ்ச் பேப்பரை எட்டிப் பார்க்கிற ஜாதி. ஆகவே "உனக்கு என்னலே தெரியும்?" என்று கிளம்பி வரப்போகும் பி.எஸ்சி. நண்பர்கள் அனைவருக்கும் அட்வான்ஸாக ஒரு கும்பிடு. இது கெமிஸ்ட்ரி சண்டை இல்லை மக்களே, கணக்குச் சண்டை. கணக்கு எங்கள் ஏரியா.

தூத்துக்குடியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் எழுந்து வர முடியாது. "இப்பல்லாம் டெக்னாலஜி வந்துட்டு மக்கா. கழிவுத் தண்ணியில இருந்து எல்லா மெட்டலையும் எடுத்துருவான். ஜீரோ டிஸ்சார்ஜ். ஒரு சொட்டு வெளிய வராது." சொல்பவர் கம்பெனி ஆளாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் சொல்கிறார்கள். லாரி வாடகையை நம்பி இருந்த வீட்டுப் பையன்களும் அதில் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வசனம் இருக்கிறதே, அது ஒரு பக்கம் மட்டும் எழுதிய ஜர்னல் என்ட்ரி. 'தண்ணீரில் இருந்து உலோகம் எடுக்கப்பட்டது' என்று ஒரு பக்கம் எழுதியாயிற்று. எடுத்ததை எங்கே வைத்தாய்? அந்தப் பக்கம் காலி. பதினொன்றாம் வகுப்புப் பையன் இப்படி எழுதினால் வாத்தியார் பேப்பரைக் கிழித்துவிடுவார். இங்கே அதற்கு விருது கொடுக்கிறார்கள்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயம்தான். சாக்கடையில் இருக்கும் மலத்தையும் சோப்பையும் பாக்டீரியா தின்று தீர்த்துவிடும். அது கார்பன் சமாச்சாரம், உடைந்து காற்றாகிப் போகும். உலோகம் அப்படி இல்லை. ஈயத்தை எந்தப் பூச்சியும் தின்று வேறாக்க முடியாது. ஆர்சனிக்கை எரித்தாலும் ஆர்சனிக், கரைத்தாலும் ஆர்சனிக், புதைத்தாலும் ஆர்சனிக். எந்த வேதிவினையாலும் ஒரு தனிமத்தை இன்னொரு தனிமமாக மாற்ற வழி கிடையாது. எனவே 'நீக்கம்' என்று எந்தக் கம்பெனி சொன்னாலும் அதை 'இடமாற்றம்' என்று வாசித்துப் பழகுங்கள்.

எங்கள் சிலபஸில் ப்ராசஸ் காஸ்டிங் என்று ஒன்று உண்டு. காமர்ஸ் படித்தவர்களுக்குக் கண்ணீர் வரும். படிக்காதவர்களுக்காக: ஒரு ஆலையில் 1,000 கிலோ மூலப்பொருள் உள்ளே போகிறது. 900 கிலோ சரக்கு வெளியே வருகிறது. மீதி 100 கிலோ? அதற்கு 'நார்மல் லாஸ்' என்று பெயர். அந்த 100 கிலோவின் செலவை 900 கிலோவின் தலையில் ஏற்றிவிடுவோம். ஸ்கிராப்பாக ஏதாவது விலை போனால் அதைக் கழித்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் டேலி. பத்து மார்க். மூன்று வருஷத்தில் ஒரு ஆசிரியரும், ஒரு புத்தகமும், அந்த 100 கிலோ இப்போது யார் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று கேட்டதில்லை. புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். பூமியில் அதன் எடை 100 கிலோ.

ஒரு ஊர் முழுக்க இந்த நார்மல் லாஸ் மேல் குடியிருக்கிறது என்பதுதான் எங்கள் கதை.

சரி, உலோகத்தை எப்படி எடுக்கிறார்கள்? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது தெரியாமல் சண்டை போட்டால் தோற்றுவிடுவோம்.

ரொம்பப் பழைய, ரொம்ப மலிவான வழி சுண்ணாம்பு. அமிலமாக வரும் கழிவு நீரில் சுண்ணாம்பைக் கொட்டினால் காரத்தன்மை ஏறும். கரைந்திருந்த தாமிரம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் ஹைட்ராக்சைடாகத் திரண்டு அடியில் படியும். பால் திரிந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தெளிந்த தண்ணீர், கீழே சகதி. ஆர்சனிக் இதற்கு முழுசாக மசியாது. அதற்கு இரும்பு உப்பைச் சேர்க்கிறார்கள், இரும்பு திரளும்போது ஆர்சனிக்கையும் ஒட்டிக்கொண்டு கீழே போகும். குரோமியம் இன்னும் குசும்பு பிடித்தது. அதன் ஆறு இணைதிற வடிவம் சுண்ணாம்புக்கு அசையாது. முதலில் அதை மூன்றாக இறக்கி, பிறகுதான் படிய வைக்க வேண்டும். இதற்கு மேல் அயனிப் பரிமாற்றப் பிசின், அப்புறம் ஆர்.ஓ. சவ்வு, கடைசியில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்ற வைக்கும் எவாப்பரேட்டர். இந்தக் கடைசிப் படிவரை போனால்தான் ஜீரோ டிஸ்சார்ஜ்.

எல்லாமே வேலை செய்யும். நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பொருள் கையில் மிஞ்சுகிறது, கவனித்தீர்களா? சுண்ணாம்பு போட்டால் சகதி. பிசினைக் கழுவினால் அடர்ந்த அமிலக் கழிவு. ஆர்.ஓ.வில் ரிஜெக்ட். காய்ச்சினால் உப்புக்கட்டி. ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற பெயரில் இருக்கும் ஜீரோ, திரவத்துக்கு மட்டும்தான். திடப்பொருளுக்கு அது ஒரு ஜீரோவும் தருவதில்லை, மாறாக ஏறத்தான் செய்யும். போட்ட சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்து எடை கூடுமே!

உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினையே பாருங்கள். ஒரு குழாயில் குடிக்கிற தண்ணீர், இன்னொரு குழாய் சிங்க்குக்குப் போகும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 லிட்டர் ரிஜெக்ட் என்று வையுங்கள். 4 லிட்டரில் இருந்த உப்பு முழுக்க இப்போது 3 லிட்டரில். சிங்க்கில் இருந்து சாக்கடை, சாக்கடையில் இருந்து ஓடை, அங்கிருந்து நிலத்தடி, அதையே அடுத்த தெரு போர் போட்டு எடுத்து இன்னொரு ஆர்.ஓ.வில் ஊற்றும். வாழ்க டெக்னாலஜி :-)

மாதம் ஒரு முறை பேப்பரில் வருமே, 'வாழைத்தோல் உலோகத்தை உறிஞ்சும்', 'கடற்பாசியால் கழிவுநீர் சுத்தம்', 'மாணவர் சாதனை' என்று. பொய் இல்லை. பழுப்புக் கடற்பாசியின் செல் சுவரில் இருக்கும் ஆல்ஜினேட் உலோக அயனிகளை நன்றாகவே பிடிக்கும். மன்னார் வளைகுடாவில் பாசிக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் செய்தி அங்கேயே முடிந்துவிடும். உறிஞ்சிய பாசியை என்ன செய்தார்கள் என்று எழுதிய நிருபரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாட்டுக்குப் போட முடியுமா? உரமாகப் போட முடியுமா? அந்த மாணவர் நல்ல பையன்தான், பரிசு கொடுங்கள். அந்தப் பாசிக்கும் ஒரு முகவரி கொடுங்கள்.

இனி ஊர் விஷயம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை. ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கும் கொள்ளளவு. மூலப்பொருளான கான்சன்ட்ரேட் கப்பலில் எங்கள் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. தாமிரம் போக அதில் இரும்பு, கந்தகம், இவற்றோடு சிறிதளவு ஆர்சனிக், ஈயம், பிஸ்மத் எல்லாம் இருக்கும். உருக்கும்போது இரும்பு மணலோடு சேர்ந்து கருப்பு ஸ்லாக் ஆகிறது. ஒரு டன் தாமிரத்துக்கு ஏறத்தாழ 2 டன் ஸ்லாக். கந்தகம் புகையாகி, கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தில் ஒரு பங்கு பாறை பாஸ்பேட்டோடு சேர்ந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. அதில் ஒரு டன் எடுக்க சுமார் 5 டன் ஜிப்சம் மிஞ்சும். ஆர்சனிக்கில் கணிசமான பங்கு புகையோடு கிளம்பி, புகையைக் கழுவும் அமிலத்தில் கரைந்து, சுண்ணாம்பும் இரும்பும் போட்டுப் படிய வைத்து, சகதியாகிக் குழிக்குப் போகும்.

ஒரு சின்ன கணக்கு. (உதாரணக் கணக்குதான், கம்பெனியின் கணக்கு அல்ல.) கான்சன்ட்ரேட்டில் 30 சதவீதம் தாமிரம் என்று வையுங்கள். 4 லட்சம் டன் தாமிரத்துக்கு சுமார் 13 லட்சம் டன் கான்சன்ட்ரேட் வேண்டும். அதில் ஆர்சனிக் வெறும் 0.1 சதவீதம் என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு, காதில் விழுந்தாலே சாதுவாக இருக்கிறது இல்லையா? 1,300 டன். ஒரு வருஷத்துக்கு. குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. டன்னில் வாங்கி மைக்ரோகிராமில் கணக்குக் காட்ட வேண்டிய சரக்கு இது. இடையில் எத்தனை பூஜ்யம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அத்தனை பூஜ்யங்களில் எங்காவது ஒன்று தவறினால் போதும்.

இந்த இடத்தில் ஒரு பெயர் விளையாட்டைக் கவனிக்க வேண்டும். மிஞ்சியதைக் 'கழிவு' என்று எழுதினால் செலவு. 'துணைப்பொருள்' என்று எழுதினால் வருமானம். பை-ப்ராடக்ட்! ஸ்லாக்கை கான்க்ரீட்டில் போடலாம், ரோட்டில் போடலாம், பள்ளம் நிரப்பலாம். கம்பெனியின் வாதம் அது அபாயகரமான கழிவு அல்ல என்பது. இருக்கட்டும். முறையாகச் சிமென்டில் போய்ச் சேர்ந்த ஸ்லாக்கைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. ஆனால் என்ன நடந்தது? ஊரைச் சுற்றி 11 இடங்களில், தனியார் பட்டா நிலங்களில், உப்பாறு ஓடை ஓரத்தில் குவிந்து கிடந்தது. விற்றவன் புத்தகத்தில் அது சேல்ஸ், இன்வாய்ஸ் போட்டாச்சு, சரக்கு கை மாறியாச்சு, பொறுப்பும் கை மாறியாச்சு. வாங்கியவன் நிலம் மேடாயிற்று. ஓடைக்கு யாரும் இன்வாய்ஸ் போடவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வேண்டிய ஓடை அது.

2018 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணங்களைப் படித்துப் பாருங்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளைத் தரவில்லை. உப்பாறு ஓரம் கொட்டிய ஸ்லாக்கை அகற்றவில்லை, தடுப்புச் சுவர் கட்டவில்லை. அபாயகரமான கழிவுகளுக்கான அனுமதி விவகாரம். ஜிப்சம் குளத்தை விதிப்படி கட்டவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் எந்திரம் ஓடவில்லை என்பதா பிரச்சினை? அந்தப் பட்டியல் பெரும்பாலும் எடுத்ததை எங்கே வைத்தாய் என்ற காலிப் பக்கத்தைப் பற்றியது. 2020 ஆகஸ்ட் 18-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இதற்கு நடுவில் 2018 மே 22 இருக்கிறது. 13 உயிர். அதைப் பற்றி இங்கே நான்கு வரியில் எழுத எனக்குத் துணிவில்லை.

இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. கழிவு நீருக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம். ஆர்சனிக் 0.2, பாதரசம் 0.01, தாமிரம் 3. இது ரேட். குவாண்டிட்டி எங்கே? ரேட் மட்டும் போட்டு அளவு போடாத பில்லை எந்த மளிகைக் கடைக்காரராவது ஏற்பாரா? 0.4 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரில் அதே அளவு நல்ல தண்ணீரைக் கலந்தால் 0.2 ஆகிவிடும். பாஸ்! கடலில் போய்ச் சேரும் கிலோ கணக்கில் ஒரு கிராம் குறையவில்லை. தண்ணீர்ப் பஞ்ச ஊரில் நல்ல தண்ணீரும் போயிற்று. மில்லிகிராம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் கிலோவையும் எழுது என்கிறேன்.

"சும்மா எங்க ஊரையே சொல்லிட்டு இருக்காதே" என்பவர்களுக்காகக் கொஞ்சம் வடக்கே போய் வருவோம். ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் என்று ஒரு ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. மூடியவர்கள் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை அப்படியே விட்டுப் போனார்கள். மழை பெய்தால் அதில் இருந்து மஞ்சள் தண்ணீர் இறங்கி நிலத்தடிக்குப் போகும். அதே ஊரில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று. நன்றாகக் கவனியுங்கள், சுத்திகரிப்பு நிலையம். 2015 ஜனவரி 31 அதிகாலை, அங்கே எடுத்துச் சேர்த்து வைத்திருந்த சகதித் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பிழைக்க வந்த வெளிமாநிலப் பையன்கள் பெரும்பாலும். 'தண்ணீரில் இருந்து நீக்கப்பட்ட' பொருள் கொன்ற பத்துப் பேர். ப்ராசஸ் காஸ்டிங்கில் இதை நார்மல் லாஸில் போடுவதா, அப்நார்மல் லாஸில் போடுவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூரையும் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நொய்யல் சாயமாகி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போய், கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் வந்தது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. தண்ணீரும் பெரிய அளவில் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் அந்த நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு மிஞ்சி, வைக்க இடம் தேடினார்களே, அதை உதாரணம் காட்டுபவர்கள் ஏன் சேர்த்துச் சொல்வதில்லை?

இந்த நாடகத்தின் உச்சக்காட்சி ஜப்பானில் நடந்தது. மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை வளைகுடாவில் பாதரசத்தை விட்டது. மீன் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன, பிறகு மனிதர்கள். 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. மக்கள் நெருக்கவும் 1959 டிசம்பரில் 'சைக்லேட்டர்' என்ற சுத்திகரிப்பு எந்திரத்தைத் தடபுடலாகத் திறந்தார்கள். கம்பெனித் தலைவரே அதில் சுத்தமான தண்ணீர் என்று சொல்லி ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். ஊரே நம்பியது. உண்மை என்னவென்றால், பாதரசம் வரும் பிரிவின் கழிவு அப்போது அந்த எந்திரத்துக்குள் போகவே இல்லை! பாதரசத்தை எடுப்பதற்காக அது அமைக்கப்படவும் இல்லை. கழிவு விடுவது 1968 வரை நடந்தது. அப்புறம் 1977 முதல் 1990 வரை வளைகுடாவின் அடிச்சேற்றை அள்ளி, கரையோரம் கொட்டி மூடி, சுமார் 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். இன்று அது பூங்கா. பாதரசம் எங்கேயும் போகவில்லை, பூங்காவுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே நம் ஊரில் யாராவது ட்ரீட்மென்ட் ப்ளான்ட் வாசலில் டம்ளரும் கேமராவுமாக நின்றால், மினமாட்டாவை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மினமாட்டாவில் மீன் என்றால் எங்கள் கடலில் சிப்பி. தொல்லாயிரம் பார் முதலான முத்துப் பார்கள் இருக்கும் கடல் இது. முத்துக்குளிப்பு நின்றதற்கு ஆலைகள்தான் காரணம் என்று மேடையில் பேசுகிறார்கள். தப்பு. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961. தாமிர ஆலை அதற்கு முப்பது வருஷம் கழித்துத்தான் வந்தது. பொய்க் கணக்கு நம் பக்கம் இருந்தாலும் பொய்க் கணக்குதான், எதிராளிக்கு அல்வா. (திருநெல்வேலி அல்வாவே.) ஆனால் சிப்பி சொல்லும் பாடம் வேறு. அது நாள் முழுக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, இரையை வடிகட்டிக்கொண்டு வெளியே விடுகிறது. இந்தக் கரையின் மூத்த சுத்திகரிப்பு எந்திரம் அதுதான். தண்ணீரில் உலோகம் இருந்தால் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 1986-ல் இருந்து கடற்கரை மாசை அளக்க சிப்பியையும் மட்டியையும் அறுத்துத்தான் சோதிக்கிறார்கள். தண்ணீரைச் சோதித்தால் அன்றைய கதை மட்டும் தெரியும். சிப்பியைச் சோதித்தால் பல மாதக் கதை தெரியும். கேஷ் புக்குக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கும் உள்ள வித்தியாசம்! இந்தியாவில் முதன்முதலாகக் கட்டுப்படுத்தி முத்து வளர்த்துக் காட்டியதே தூத்துக்குடி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், 1973-ல். சிப்பியைப் பற்றித் தெரிந்த ஆட்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வருஷா வருஷம் சிப்பிச் சதையில் எத்தனை ஈயம், எத்தனை காட்மியம் என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் எழுதிப் போட்டால் என்ன? பரீட்சை ரிசல்ட் ஒட்டுகிற மாதிரி.

இதுவரை ஒரு கட்சிக்காரர்களைத் திட்டியாயிற்று. இப்போது மற்றவர்கள். "அதான் மூடியாச்சே, இன்னும் என்னலே?" என்கிறீர்களே. மூடினால் புதிதாக வருவது நிற்கும். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ளே வந்த சரக்கில் விற்காமல் மிஞ்சியது பூட்டுப் போட்டதும் ஆவியாகிவிடுமா? கடையை மூடினால் குளோசிங் ஸ்டாக் எடுக்க மாட்டீர்களா? ராணிப்பேட்டை ஆலையும் மூடிய ஆலைதான். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அந்த மாதிரி ஒரு மழைக்கு எந்தக் குழி, எந்தக் குவியல், எந்த ப்ளாஸ்டிக் விரிப்பு தாங்கும் என்று கேட்க வேண்டியவர்கள், ஆலை எதிர்ப்பாளர்களான நீங்கள்தான். திறக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதோடு கணக்கு முடிந்தது என்பதில்தான் சண்டை.

பணம் யார் தருவார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. எங்கள் பாடத்தில் வைக்க வேண்டிய தீர்ப்பு. நீதிபதிகள் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டி, 2010-11-ல் வட்டி, தேய்மானம், வரிக்கு முன் 1,043 கோடி லாபம் என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி 100 கோடி என்றார்கள். அதே தீர்ப்பு ஆலையை ஓடவும் விட்டது என்பது தனிச் சோகம். அந்தத் தொகையைக் கலெக்டர் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குறைந்தது 5 வருஷ டெபாசிட்டாகப் போட்டு, முடிய முடியப் புதுப்பித்து, வட்டியை ஆலையைச் சுற்றியுள்ள நீர், மண் உள்ளிட்ட சுற்றுச்சூழலைச் சீர் செய்யச் செலவிட வேண்டும். 7 சதவீதம் என்று வைத்தாலும் வருஷம் 7 கோடி. 7 கோடிக்குக் கிணறு கிணறாகச் சோதிக்கலாம், மண் எடுத்துப் பார்க்கலாம், ஓடையைச் சீர் செய்யலாம். இந்த வரவு செலவை நோட்டீஸாக அச்சடித்துக் குமரெட்டியாபுரம், பண்டாரம்பட்டி, மீளவிட்டான் வீடுகளில் வருஷம் ஒரு முறை கொடுக்க வேண்டும். கோயில் கொடை வரி போட்டால்கூடக் கணக்கு நோட்டீஸ் அடிக்கிற ஊர் இது.

என் கோரிக்கையை ஆடிட்டர் பாஷையில் சொல்கிறேன். தாமிரமோ, சாயமோ, அனல் மின்சாரமோ, இந்தக் கரையில் எந்த ஆலையாக இருந்தாலும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி லெட்ஜர். ஆர்சனிக் கணக்கு, ஈயக் கணக்கு, பாதரசக் கணக்கு. இடது பக்கம்: மூலப்பொருளோடு உள்ளே வந்தது எத்தனை கிலோ. வலது பக்கம்: விற்ற சரக்கில் எத்தனை, ஸ்லாக்கில் எத்தனை, ஜிப்சத்தில் எத்தனை, சகதியில் எத்தனை, புகையில் எத்தனை, தண்ணீரில் எத்தனை. டேலி ஆகாவிட்டால் அந்த வித்தியாசம் எங்கோ ஊருக்குள் இருக்கிறது என்று அர்த்தம், போய்த் தேடு. ஆலை முடியும்போது நிலத்தைச் சீர் செய்யும் செலவுக்கு ஆரம்பத்திலேயே ஒதுக்கீடு வை என்று கணக்கியல் தரங்களே சொல்கின்றன. புத்தகத்தில் எழுதும் அந்த ஒதுக்கீட்டை, கம்பெனி திவாலானாலும் கிடைக்கிற மாதிரி மூன்றாம் ஆளிடம் பணமாகக் கட்டி வை.

"இதெல்லாம் போட்டா கம்பெனி எப்படிலே நடத்த?" என்று நண்பன் கேட்டான். இந்தச் செலவையெல்லாம் எழுதிய பிறகும் லாபம் வந்தால் அது தொழில், தாராளமாக நடத்தட்டும். எழுதினால் நஷ்டம் என்றால், இத்தனை நாள் லாபம் என்று காட்டியது யாருடைய பணம்? அது பண்டாரம்பட்டிக் கிணற்றுக்காரரின் பணம். அவர் பங்குதாரர் இல்லை, டிவிடெண்ட் வாங்கவில்லை, ஏ.ஜி.எம்.மில் சமோசா தின்னவில்லை. முதலீடு மட்டும் அவருடையது. வேலை போனவர்கள் விஷயமும் இதோடு சேர்ந்ததே. அந்தக் குவியல்களை அள்ள, குழிகளைச் சீர் செய்ய, கிணறுகளைச் சோதிக்க ஆள் வேண்டாமா, லாரி வேண்டாமா? கான்சன்ட்ரேட் ஏற்றிய லாரி ஸ்லாக் ஏற்றாதா?

உலோகத்தை எடுப்பதைவிடப் போடாமல் இருப்பது எவ்வளவோ மேல் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. சாகுபுரத்து காஸ்டிக் சோடா ஆலை ஒரு காலத்தில் பாதரச செல்லில் ஓடியது, பிறகு மெம்பிரேன் செல்லுக்கு மாறியது. உள்ளேயே வராத பாதரசத்தை யாரும் நீக்க வேண்டாம். பழைய பாதரசத்தின் லெட்ஜர் அங்கேயும் வேண்டும், அது வேறு.

இந்தப் பதிவைப் படிக்கும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிகாரர்களுக்கு ஒரு வேலை. என் உதாரணக் கணக்கில் 0.1 சதவீதத்துக்குப் பதிலாக வேறு என்ன போடலாம், சகதியில் எத்தனை பங்கு தங்கும், எத்தனை கசியும் என்று திருத்தி எழுதிப் பின்னூட்டத்தில் போடுங்கள். பி.காம். மக்கள் அதை லெட்ஜர் வடிவத்தில் கட்டுங்கள். உப்பாறு ஓரம் வீடு இருப்பவர்கள், ஓடையில் இப்போது எவ்வளவு ஸ்லாக் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தேதி போட்டு.